நோட்டு சுரமும் ராக்டைமும்

வட சென்னையின் படம் ஒன்றை மனக்கண் முன் விரித்துக்கொள்ளுங்கள். நான் குடியிருக்கும் கல்மண்டபத்தை அதில் நடுப்புள்ளியாக வையுங்கள். அங்கிருந்து தெற்கே துறைமுகத்தை ஒட்டிச் சென்றால் புனித ஜார்ஜ் கோட்டையை அடையலாம். வடக்கே சென்று மேற்கே திரும்பினால் மணலி வரும். இன்று மணலி என்றவுடன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நினைவுக்கு வருகின்றன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ, சங்கீத வித்துவான்கள் தேடிவந்து தங்கிய ஊர் அது. அந்த மணலியும் இந்தக் கோட்டையும் சந்தித்ததனால் நம் இசையில் ஒரு சிறு கிளை முளைத்தது. அதற்கு நோட்டு சுரம் என்று பெயர். அதைப் பற்றியும், அதனோடு ஒப்பிடத்தக்க ராக்டைம் என்னும் அமெரிக்கப் பியானோ இசையைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்விரண்டையும் ஏன் ஒருசேர எடுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றியபோது மாணவர்கள் என்னிடம் அடிக்கடி எழுப்பிய வினா ஒன்று உண்டு. "ஐயா, பிறருடைய மெட்டை எடுத்துக்கொள்வது திருட்டாகாதா? ஆண்டவனுடைய இசையை அடிமைப்பட்டவன் பாடினால் அது தாழ்வாகாதா?" என்பதே அது. வினா எளிதாகத் தோன்றினாலும் விடை எளிதன்று. நோட்டு சுரத்தையும் ராக்டைமையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த விடை ஓரளவு துலங்கும்.

முதலில் மணலிக்குச் செல்வோம். கருநாடக சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1775-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் இராமசுவாமி தீட்சிதரும் பெரிய வித்துவான். ஹம்ஸத்வனி இராகத்தை நமக்கு அளித்தவர் என்று போற்றப்படுபவர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் வள்ளல் அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் பிகட்டுக்குத் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இடையே பேச்சையும் வணிகத்தையும் நடத்திக் கொடுத்தவர்களை அவ்வாறு அழைத்தனர். முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பின் அவருடைய மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் இக்குடும்பத்தைப் போற்றி வந்தார். சின்னையா முதலியார் என்பது அவருக்கு வழங்கிய மற்றொரு பெயர்.

இந்தச் சின்னையா முதலியாரோடு தீட்சிதர் சகோதரர்கள் கோட்டைக்குச் சென்று வருவதுண்டு. அங்கே கம்பெனியின் பாண்டு வாத்தியம் முழங்கும். குழலும் கொம்பும் முரசும் சேர்ந்து, சிப்பாய்களின் நடைக்கும், துரைமார்களின் நடனத்திற்கும் ஏற்ற மெட்டுகளை வாசிக்கும். அந்த இசையைக் கேட்ட இளைஞர்கள் இருவர் இரு வேறு செல்வங்களோடு வீடு திரும்பினர். தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதில் நம் இராகங்களை வாசிக்கத் தலைப்பட்டார். கருநாடக இசைக்குப் பிடிலைக் கொணர்ந்த முன்னோடி என்று அவரையே இசையுலகம் கொண்டாடுகிறது. தமையனார் முத்துசுவாமி தீட்சிதரோ அந்த மெட்டுகளையே செவியில் ஏந்தி வந்தார். அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவையே நோட்டு சுரங்கள். இன்று நமக்குக் கிடைப்பவை ஏறக்குறைய 40 உருப்படிகள்.

பெயரைச் சற்றே கவனியுங்கள். ஐரோப்பியர் தம் இசையைத் தாளில் எழுதி வைத்து வாசிப்பர். அவ்வெழுத்துக்கு ஆங்கிலத்தில் நோட் என்று பெயர். அந்தச் சொல் தமிழ் நாவில் நோட்டு ஆயிற்று. 'நோட்டு சுரம்' என்னும்போதே, 'இது வெள்ளைக்காரரின் நோட்டிலிருந்து வந்த சுரம்' என்று பெயரே சாட்சி சொல்லிவிடுகிறது. இது சிறிய செய்தியன்று. பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி அவற்றின் அமைப்பைப் பார்ப்போம். நோட்டு சுரங்கள் சங்கராபரண இராகத்தில் அமைந்தவை. மேளகர்த்தா வரிசையில் 29-ஆவதான இந்த இராகத்தின் ஏழு சுரங்களும், ஐரோப்பியர் மேஜர் என்று சொல்லும் சுர வரிசையும் ஒன்றேயாம். ஆர்மோனியப் பெட்டியில் 'சி' என்னும் கட்டையை ஸட்ஜமாகக் கொண்டு, கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திக்கொண்டு போனால், சங்கராபரணத்தின் ஏணி கேட்கும். ஏணி ஒன்றாயினும் ஏறும் முறை வேறு. நம் வித்துவான் ஒரு சுரத்தை நேர்கோடாக நிறுத்துவது அருமை. அதை அசைப்பார், அடுத்த சுரத்தின் நிழலைத் தொட்டு மீள்வார், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வார். இதையே கமகம் என்கிறோம். பாண்டு வாத்தியத்தின் மெட்டில் கமகம் இல்லை. ஒவ்வொரு சுரமும் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாயைப் போலத் தன் இடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. தீட்சிதர் அந்த நிமிர்வை அப்படியே விட்டு வைத்தார். அதனால் நோட்டு சுரம் பாடுகையில் இராகம் நம்முடையதாகவும், நடை கோட்டையினுடையதாகவும் ஒலிக்கிறது.

தீட்சிதரின் பெருங்கீர்த்தனைகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஏனெனில் கமகம் செறிந்த விளம்ப நடைக்கே அவர் பெயர் பெற்றவர். கீழ்வேளூர் இறைவனைப் பாடிய 'அக்ஷயலிங்க விபோ' என்னும் கீர்த்தனையும் சங்கராபரணமே. யானை அசைந்து வருவது போன்ற நடையுடையது அது. அதை இயற்றிய அதே உள்ளம், துள்ளும் நாட்டிய மெட்டுக்கும் சொல் அமைத்திருக்கிறது. பெரும் புலவர் ஒருவர் காப்பியமும் பாடி, குழந்தைகளுக்குத் தாலாட்டும் பாடுவதற்கு ஒப்பிடலாம்.

எந்த எந்த மெட்டுகள் அவை? ஆராய்ச்சியாளர் சிலவற்றை இனம் கண்டு கூறியிருக்கின்றனர். 'வந்தே மீனாக்ஷி' என்னும் உருப்படி அயர்லாந்தின் லிமெரிக் மெட்டில் அமைந்தது. 'வரசிவபாலம்' என்பதன் மெட்டு காஸ்டிலியன் மெய்டு என்று அழைக்கப்பட்டது. 'சந்ததம் பாஹிமாம்' என்பதோ யாவரும் அறிந்த ஒன்று. பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் நாட்டுப் பாடலின் மெட்டே அது.

இந்தக் கடைசி உருப்படியில் சற்று நிற்போம். 1745-ஆம் ஆண்டளவில் இலண்டன் நாடக மேடைகளில் பரவத் தொடங்கிய மெட்டு அது. மூன்று எண்ணிக்கை கொண்ட நடையில், முற்பகுதியில் ஆறு அளவுகளும் பிற்பகுதியில் எட்டு அளவுகளுமாக, மொத்தம் 14 அளவுகளில் முடிந்துவிடுகிறது. இந்தச் சிறு சட்டத்திற்குள் வடமொழிச் சொற்களைப் பொருத்த வேண்டும். மெட்டு நீளும் இடத்தில் நெடில் வர வேண்டும். விரையும் இடத்தில் குறில் வர வேண்டும். அசையை இழுத்தோ நசுக்கியோ பாடினால் பொருள் கெடும். வெண்பாவிற்குத் தளை பார்த்த அனுபவம் உள்ள மாணவர்களுக்கு இந்த வேலையின் அருமை புரியும். தீட்சிதர் அதைத் தடுமாற்றமின்றிச் செய்திருக்கிறார்.

பொருளிலும் ஒரு நுட்பம் உண்டு. மூலப்பாடல், மன்னனைக் காத்தருளுமாறு இறைவனை வேண்டுகிறது. 'சந்ததம் பாஹி மாம்' என்றால், 'எப்பொழுதும் என்னைக் காப்பாயாக' என்பது பொருள். வேண்டப்படுபவள் சங்கீதத்தின் தேவியாகிய சியாமளை. 'காத்தருள்' என்னும் வேண்டுதல் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் கோட்டையில் அது அரியணைக்காகக் கேட்கப்பட்டது. தீட்சிதரிடம் அது கலைமகளின் முன் நிற்கும் ஓர் எளிய பாடகனுக்காகக் கேட்கப்படுகிறது. மெட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. மெட்டு யாருக்குத் தொண்டு செய்கிறது என்பது முற்றிலும் மாறிவிட்டது. ஆண்டவனின் இசையைப் பாடினால் தாழ்வாகாதா என்று கேட்ட மாணவனுக்கு இதைக் காட்டிலும் நல்ல விடை ஒன்றை நான் அறியேன்.

இனி, கடல் கடந்து அமெரிக்காவிற்குச் செல்வோம். அங்கேயும் கதை பாண்டு வாத்தியத்திலிருந்தே தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஊர் ஒவ்வொன்றிலும் பாண்டு இருந்தது. படைநடைக்குரிய மார்ச் இசையே எங்கும் கேட்டது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ஓட்டும் கல்வியும் எளிதில் கிட்டவில்லை. பாட்டும் தாளமும் மட்டும் அவர்களிடம் குறையாமல் இருந்தன. அந்தத் தாளத்தை மார்ச் இசைக்குள் புகுத்தியபோது பிறந்ததே ராக்டைம். ராக் என்றால் கந்தல், கிழிசல். நேராக ஓட வேண்டிய காலத்தைக் கிழித்துக் கிழித்து வாசிப்பதால் அப்பெயர் வந்தது என்பர்.

ராக்டைமின் தலைசிறந்த ஆசிரியர் ஸ்காட் ஜாப்ளின். 1868-ஆம் ஆண்டளவில் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். தாய் வேலை செய்த வீட்டில் இருந்த பியானோவில் சிறுவன் விரல் பழகினான் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஜூலியஸ் வைஸ் என்னும் ஆசிரியர் அச்சிறுவனின் அறிவைக் கண்டு, ஊதியம் பெறாமல் ஐரோப்பிய இசையைக் கற்பித்தார். அந்த நல்லாசிரியர் இல்லையேல் இன்று நமக்கு ஜாப்ளின் இல்லை. 1899-இல் மேப்பிள் லீஃப் ராக் என்னும் உருப்படி அச்சாயிற்று. விற்கும் பிரதி ஒன்றுக்கு ஒரு சென்டு ஆசிரியருக்கு உரியது என்று பதிப்பாளர் ஜான் ஸ்டார்க்கோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். சிறு தொகையைக் கொடுத்து உரிமை முழுவதையும் வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்த காலம் அது. ஆகவே அந்த ஒரு சென்டு சிறிதாயினும் சுயமரியாதையின் அடையாளம். 1902-இல் தி என்டர்டெய்னர் வெளிவந்தது.

ராக்டைமின் இயல்பை நீங்கள் இருந்த இடத்திலேயே அறிந்துகொள்ளலாம். இடக்கையால் மேசையின் மீது ஒரே சீராக நான்கு தட்டுத் தட்டுங்கள். தட்டு ஒன்றுக்கு இரண்டு அட்சரம் வீதம், 'தக தக தக தக' என்று வாயால் சொல்லுங்கள். மொத்தம் எட்டு அட்சரம். கை இடறாமல் ஓடத் தொடங்கியதும், அதே எட்டு அட்சரத்தில், 'தகிட தகிட தக' என்று மாற்றிச் சொல்லுங்கள். மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டே அல்லவா? ஆனால் இப்பொழுது என்ன நேர்கிறது? முதல் 'தகிட' கைத்தட்டோடு சேர்ந்து எழுகிறது. இரண்டாவது 'தகிட' இரு தட்டுகளுக்கு நடுவே எழுகிறது. 'தக' மறுபடியும் கைத்தட்டோடு வந்து சேர்கிறது. சற்றே விலகி, வழுக்கி, மீண்டும் நிலைக்கு வரும் அந்த இன்பமே ராக்டைமின் உயிர். பியானோவில் இடக்கை, கீழ்ச்சுரமும் மேற்சுரக் கூட்டுமாக மார்ச் நடையைத் தவறாமல் போட்டுக்கொண்டிருக்கும். வலக்கையின் அழுத்தங்கள் அந்த நடைக்குக் குறுக்கே விழும். இடக்கை பாண்டு வாத்தியம். வலக்கை விடுதலை பெற்ற மக்களின் தாளம். மிருதங்க வித்துவான்களுக்கு இந்தக் கணக்குப் புதிதன்று. எனினும் இரு கைகளுக்கும் இரு நீதிகளை வகுத்து, அவ்விரண்டையும் ஒருவரே வாசிக்குமாறு அமைத்தது ராக்டைமின் தனிச்சிறப்பு.

இதன் சட்டமும் மார்ச் இசையிலிருந்து வந்ததே. பெரும்பாலான ராக்டைம் உருப்படிகளில் நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியும் 16 அளவுகள் கொண்டது. முதற் பகுதி இரு முறை, இரண்டாவது இரு முறை, மீண்டும் முதற் பகுதி ஒரு முறை, பின்னர் மூன்றாவதும் நான்காவதும் இவ்விரு முறை என வரும். மேப்பிள் லீஃப் ராக்கின் அமைப்பு இதுவே. ஜாப்ளின் இவற்றை மனம் போனபடி வாசிக்க விடவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் எழுதி வைத்தார். ராக்டைமை விரைந்து வாசிக்கலாகாது என்று தம் பதிப்புகளில் எச்சரிக்கையும் பொறித்தார். மது விடுதிகளில் பிறந்த மலிவான சத்தம் என்று பலர் இகழ்ந்த இசையைக் கருத்தூன்றிக் கற்கத்தக்க கலையாக ஆக்குவதே அவருடைய வாழ்நாள் நோக்கம். 1908-இல் ராக்டைம் பயில்வோருக்கென ஆறு பயிற்சிகள் கொண்ட சிறு பாடநூல் ஒன்றையும் வெளியிட்டார்.

அந்த நோக்கத்திற்கு அவர் கொடுத்த விலை பெரிது. டிரீமனிஷா என்னும் இசை நாடகத்தை இயற்றி, 1911-இல் சொந்தச் செலவில் அச்சிட்டார். கல்வி கற்ற ஓர் இளம்பெண், மூடநம்பிக்கையில் மூழ்கிய தன் மக்களுக்குத் தலைமை ஏற்கும் கதை அது. 1915-இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் வாத்தியக் குழுவும் காட்சித் திரையும் இன்றி, ஆசிரியரே பியானோ வாசிக்க, அது ஒரு முறை நிகழ்த்திக் காட்டப்பட்டது, வரவேற்பார் இல்லை. 1917 ஏப்ரல் முதல் நாள் அவர் காலமானார். அவருடைய கல்லறைக்கு 1974 வரை பெயர்க்கல்கூட இல்லை. 1972-இல் அந்நாடகம் அட்லாண்டா நகரில் முழு அளவில் மேடையேறியது. 1973-இல் தி ஸ்டிங் என்னும் திரைப்படம் தி என்டர்டெய்னரை உலகெங்கும் ஒலிக்கச் செய்தது. 1976-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது. மறைந்து 59 ஆண்டுகள் சென்றபின் வந்த மரியாதை அது.

நோட்டு சுரங்களின் நிலையும் இதற்கு வெகுதூரம் இல்லை. அதே கோட்டையிலிருந்து வந்த பிடிலுக்குக் கச்சேரி மேடையில் நிரந்தர ஆசனம் கிடைத்தது. அது இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. நோட்டு சுரமோ, 'குழந்தைகள் பாடுவது' என்று ஒதுக்கப்பட்டது. பாலுசாமி தீட்சிதரின் பேரரும் அவர்தம் தத்துப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர், 1904-இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை எட்டயபுரத்தில் வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் பெருந்தொகையாகச் சுரக்குறிப்போடு நிலைத்தது அந்நூலால்தான். மறு ஆண்டு அவர் வெளியிட்ட தொடக்கப் பயிற்சி நூலில் நோட்டு சுரங்களும் இடம் பெற்றன. பயிற்சி நூலில் சேர்ந்ததனால் அவை பிழைத்தன. பயிற்சி நூலோடு நின்றதனால் பெரியோர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அண்மைக் காலத்தில்தான் ஆராய்ச்சியாளரும் பாடகர்களும் அவற்றை முழுத் தொகுப்பாகப் பாடிப் பதிவு செய்து வருகின்றனர்.

தீட்சிதரும் ஜாப்ளினும் ஒரே வேலையைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தீட்சிதர் மெட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதன் சொல்லையும் நோக்கத்தையும் மாற்றினார். ஜாப்ளின் சட்டத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதன் தாளத்தை மாற்றினார். ஒருவருக்கு அது பரந்த கடலின் ஓர் அலை. மற்றவருக்கு அதுவே வாழ்க்கை. ஆயினும் இருவரும் பிறர் பொருளைத் தொடும்போது கடைப்பிடித்த ஒழுக்கம் ஒன்றே.

அந்த ஒழுக்கத்தை மூன்று வினாக்களாக உங்களுக்குத் தருகிறேன். எதை எடுத்தாய்? அதனோடு உன்னுடையதாக எதைச் சேர்த்தாய்? எடுத்த இடத்தை மறைத்தாயா, சொன்னாயா? சேர்த்தது ஒன்றும் இல்லையாயின் அது வெறும் நகல். எடுத்த இடத்தை மறைத்தால் அது களவு. தீட்சிதரின் உருப்படிகளுக்கு நோட்டு சுரம் என்ற பெயரே, வந்த வழியைச் சொல்லிவிடுகிறது என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? ஜாப்ளினின் இடக்கையும் அவ்வாறே. அது மார்ச் இசை என்பதை ஒவ்வொரு தட்டிலும் ஒப்புக்கொள்கிறது. இன்று ஒரு திரைப்பாடலைக் கேட்டு, 'இது எங்கோ கேட்ட மெட்டு' என்று உங்களுக்குத் தோன்றினால், உடனே பழிக்கவும் வேண்டாம், புகழவும் வேண்டாம். இந்த மூன்று வினாக்களையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கட்டுரைகளுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

எங்கள் கல்மண்டபப் பகுதியின் தெருக்களில் திருமண ஊர்வலத்திற்கும் இறுதி ஊர்வலத்திற்கும் பாண்டு வாத்தியம் வருவது வழக்கம். கோட்டையின் கொம்பும் முரசும், நம் மக்களின் கைக்கு வந்து, நம் மக்களின் மகிழ்ச்சியையும் துயரையும் பேசக் கற்றுக்கொண்டன. அவற்றைக் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்ளாமல், முரசு எந்த நடையில் ஓடுகிறது, கொம்பு அதை எங்கே மீறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் வீட்டிற்குச் சென்று, பாட்டு அறிந்த ஒருவரிடம் முதலில் ஒரு நோட்டு சுரத்தையும், அடுத்து 'அக்ஷயலிங்க விபோ'வையும் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஒரே இராகம், ஒரே ஆசிரியர். ஆனால் இரண்டு உலகம். இரண்டையும் தம் வீடாக ஆக்கிக்கொண்ட ஒருவர் நம் மணலியில் வாழ்ந்தார் என்பதை நினைவில் வையுங்கள்.